நூற்றுப் பதினேழாவது பக்கம்

என் மாமா எதையும் கடைசியிலிருந்துதான் படிப்பார். செய்தித்தாளைக் கையில் எடுத்தால் முதலில் ஒவ்வொரு செய்தியின் கடைசி வரியையும் பார்ப்பார். மின்கட்டண ரசீது, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் கட்டுரை நோட்டைக் காட்டினால், கடைசிப் பக்கத்தைப் புரட்டி முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"முழுசா இருக்கு மாப்ளே."

"நல்லா இருக்கா மாமா?"

"அதை வாத்தியார் பாத்துப்பாரு. பாதியில அறுந்துபோகலையே, அதைச் சொல்லு."

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். மனிதருக்குப் பொறுமை இல்லை, முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரம் என்றுதான் நினைத்தேன். அவர் பொறுமையே உருவானவர் என்பதும், அந்தப் பழக்கம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து வந்தது என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், முன்னறையிலேயே தங்கிவிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. டயர்க் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், தேர்வு எழுத வருகிறவர்களுக்கு அடையாளப் பக்கம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஏழு பேர், ஏழு கணினி. அறையில் ஒரு காலத்தில் ஜன்னல் இருந்திருக்கிறது. அதை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு அலமாரி நின்றது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் விரல்கடை அகலத்துக்கு வெளிச்சம் விழும். மாமாவின் நாற்காலி அதற்கு நேர் எதிரே. வெளியே மழையா வெயிலா என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் சொல்லுவார்கள்.

வேலை இதுதான். ஒவ்வொரு தேர்வாளருக்கும் ஒரு பக்கம்: பெயர், எண், முகவரி, புகைப்படம். தேர்வு நடக்கும் இடங்களின் வாசலில் இருக்கும் கணினிகளில் இணையம் கிடையாது. பக்கத்தைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் அனுப்பினால், பிரதி எடுக்கும் அவசரத்தில் படம் எங்காவது விட்டுப்போகும். வாசலில் பெயர் மட்டும் வரும், முகம் வராது. அதனால் படத்தையே எழுத்தாக மாற்றிப் பக்கத்துக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு பக்கம், ஒரே கோப்பு. கணினிக்குப் படமும் எண்களின் வரிசைதானே. அந்த எண்களை மும்மூன்றாக எடுத்து நான்கு நான்கு எழுத்துகளாக எழுதிவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து இருபத்தாறு, சிறிய எழுத்து இருபத்தாறு, பத்து இலக்கம், ஒரு கூட்டல் குறி, ஒரு சாய்கோடு. இந்த அறுபத்து நான்கிலேயே எந்த முகமும் அடங்கிவிடும்.

முகம் அடங்கும், ஆனால் யாருக்கும் தெரியாது. ஒரு சின்னப் புகைப்படம் இருபதாயிரம் எழுத்தாகத் திரையில் கொட்டிக் கிடக்கும். ஒரு சொல்கூடத் தேறாது. மாமாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு. "இதுக்கு முன்னாடி பட்டதாரியும் நானும் ஒண்ணுதான்டா. அவனுக்கும் புரியாது, எனக்கும் புரியாது."

ஒரு நாளைக்கு முந்நூறு படம். படத்தைத் திறக்க வேண்டும், சுருக்க வேண்டும், எழுத்தாக்கும் மாற்றியில் போட வேண்டும், வந்த எழுத்தை மொத்தமாகக் காப்பி செய்து பக்கத்தில் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்ட வேண்டும். ஒட்டும்போது சில சமயம் வால் அறுந்துவிடும். அறுந்தால் நெற்றியும் கண்ணும் வரும், மூக்குக்குக் கீழே எல்லாம் சாம்பல் பூசினதுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து முகத்தைப் பார்க்க நேரமாகும் என்று முதலாளி தடுத்திருந்தார். அதனால் மாமா எழுத்தின் வாலைப் பார்ப்பார்.

"நல்ல வால் மூணே மூணுதான் மாப்ளே. ஒண்ணு, கே போட்டு ஒரு சமக்குறி. இன்னொண்ணு, க்யூ போட்டு ரெண்டு சமக்குறி. மூணாவது, மொட்டையா இசட்டுல நிக்கும். வேற எது வந்தாலும் அறுந்ததுன்னு அர்த்தம்."

யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான வால்களைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தது. ஏன் மூன்று மட்டும் என்பதை நான் மூன்றாம் ஆண்டில் படித்தேன். அந்த வகைப் படங்கள் எல்லாமே முடிவில் ஒரே இரண்டு எண்களைக் கொண்டிருக்கும், அவற்றை எழுத்தாக்கினால் மூன்றே முடிவுகள்தான் வரும். வீட்டுக்கு வந்து பெருமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பாத்தது சரிதானே?" என்றார். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவர் பெயர் 'வால்'. பக்கத்து மேசையில் பெயர்களையும் முகவரிகளையும் அடிக்கும் தட்டச்சு அக்கா வைத்த பெயர். "வால் வந்தாச்சா? அப்ப தலை தானா வரும்" என்பார். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நாள்களில் இந்தக் கேலியை நானே கேட்டிருக்கிறேன். மாமா சிரித்துக்கொள்வார்.

ஆனால் அந்த அறை அவருக்குப் பிடிக்கவில்லை. "காத்து படுற வேலைக்குப் போயிடணும்" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்லுவார். கனரக வாகன உரிமம் எடுத்து வைத்திருந்தார். விடுமுறை நாள்களில் ஒரு நண்பரின் லாரியை ஓட்டிப் பழகினார். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வரச்சொல்லி எழுதியும்விட்டது. நான் கல்லூரியில் முதல் வருடம் படித்தபோது நடந்தது இது. அம்மா அவருக்கு இரண்டு புதுச் சட்டை எடுத்துவைத்தார்.

மாமா போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "முதலாளி விடமாட்டேங்கிறாரு" என்றார். அதற்குப் பிறகு லாரி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. உரிமம் அலமாரியில் புதுப்பிக்கப்படாமல் கிடந்து காலாவதி ஆயிற்று. முதலாளி ஆளை விடமாட்டார் என்றால் என்ன அர்த்தம், மாமா என்ன மாடா, கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று அப்போதே எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் சம்பளத்தில்தான் என் கல்லூரி நடந்தது. அவர் போகாமலிருந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்து வருடம் கழித்து ஒரு விடுமுறை நாள் மதியம், மாமா என் மேசைக்கு வந்து ஒரு பென் டிரைவை வைத்தார். கூடவே அலுவலக முகவரிக்கு வந்த ஒரு கடிதம்.

"இதுல ரெண்டு பக்கம் இருக்கு. நூத்துப் பதினாறு, நூத்துப் பதினேழு. ரெண்டுக்குள்ளயும் என்ன முகம் இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"நீங்களே திறந்து பாக்கலாமே மாமா?"

"அஞ்சு வருஷமா திறக்கல. இன்னிக்கு மட்டும் எப்படித் திறப்பேன்?"

திறந்தேன். நூற்றுப் பதினாறில் மீசை வைத்த ஓர் ஆள். நூற்றுப் பதினேழில் ஒரு பெண்ணின் பெயர், அவளுடைய முகவரி, அதன் மேலே அதே மீசைக்காரர். இரண்டு பக்கத்தின் எழுத்துகளையும் எடுத்து அருகருகே வைத்து ஒப்பிட்டேன். இருபதாயிரத்து நானூற்று எட்டு எழுத்து. ஒன்றுகூட மாறவில்லை. வால் இரண்டிலும் க்யூ, இரண்டு சமக்குறி. மிக நல்ல வால்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். அந்தப் பெண் அனுப்பிய படக் கோப்பு கெட்டுப்போயிருந்தது. மாற்றியில் போட்டபோது ஒன்றும் வரவில்லை. வந்ததாக நினைத்துக் காப்பி பொத்தானை அழுத்தியிருக்கிறார். காப்பி எடுக்க ஒன்றும் இல்லாததால் கணினி முந்தைய எழுத்தையே வைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டினார், வாலைப் பார்த்தார், சரியாக இருந்தது, அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஆய்வகப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு அது. பெண்களுக்குத் தனி வாசல். வாசலில் எண்ணைத் தட்டியதும் திரையில் மீசை வந்திருக்கிறது. காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்களாம். அவளை உள்ளே விடவில்லை.

மறுநாள் அவளும் அவளுடைய அப்பாவும் இரண்டு மாடி ஏறி வந்தார்கள். முதலாளி மாமாவை அழைத்தார். முன்கூட்டி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டார்: "அவங்க அனுப்பின போட்டோவைத்தானே போட்ட?"

"நான் தலையை ஆட்டிட்டேன்டா" என்றார் மாமா. "யோசிக்கவே இல்ல. ஆட்டிட்டேன். அந்தப் பொண்ணோட அப்பா என்னைப் பாத்துக் கும்பிட்டாரு. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், மன்னிச்சிடுங்க'ன்னாரு. படியிறங்கும்போதே அவளைத் திட்டிக்கிட்டே போனாரு. சத்தம் ரெண்டு மாடிக்கும் கேட்டுச்சு."

அன்று மாலையே அவர் நூற்றுப் பதினாறையும் பதினேழையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் நிறுவனம் பழைய பக்கங்களை அழித்துவிடும். தேர்வு அலுவலகமும் அழித்துவிடும். உலகத்தில் அந்தத் தப்புக்கு இருந்த ஒரே சாட்சி எங்கள் வீட்டு முன்னறையில், அவருடைய சவரப் பெட்டிக்குள் இருந்தது.

அடுத்த வாரம் அவர் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாராம்: "போற இடத்துல உன்னைப்பத்தி என்னைக் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?" ஒவ்வொரு பக்கத்திலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில், அதைத் தயாரித்தவரின் எண் இருக்கும். மாமா நான்காம் எண்.

இப்போது வந்த கடிதம் அந்தப் பெண்ணிடமிருந்து. வேறொருவர் படத்தை அனுப்பியதாகச் சொல்லி அவளை அதன் பிறகு தேர்வு எழுதவே விடவில்லையாம். தேர்வு எழுதும் வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. தப்பு தயாரித்தவர்களுடையது என்று எழுத்தில் கிடைத்தால் இன்னொரு முறை எழுத அனுமதிப்பார்களாம். முப்பது நாளுக்குள் வேண்டும். 'நான் அனுப்பியது என் படத்தைத்தான். எனக்கு மீசைக்காரர் யாரையும் தெரியாது' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு அது எளிய கணக்காகத் தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே படம் என்றால், முன்பின் தெரியாத ஒருவரின் படத்தை அவள் அனுப்பியிருக்க முடியாது. நானே உட்கார்ந்து எழுதினேன். நல்ல கடிதம். நான் படித்த படிப்பு முதல்முறையாக ஒருவருக்கு உபயோகப்படப்போகிறது என்று நினைத்தேன். கீழே கோடு போட்டு மாமாவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடறேன். சோறு போட்ட இடம்."

பத்து நாள் அது பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போது அதுவும் மாறும். பதினோராம் நாள் என்னையும் கூட வரச்சொன்னார்.

முதலாளி நான் கற்பனை செய்திருந்த ஆளாக இல்லை. மெலிந்தவர், இருமிக்கொண்டே இருந்தார், எனக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு, "தம்பி அழகா எழுதியிருக்கு" என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் உன்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். குடுத்தேனா?"

"இல்லைங்க."

"அந்தப் பக்கத்துல யார் நம்பர் இருக்கு?"

"என்னுதுங்க."

"போடு. நான் கையைப் பிடிக்கல. போட்டுட்டு அப்படியே படியிறங்கிடு. ஆனா ஒண்ணு. இது வெளிய போச்சுன்னா அடுத்த வருஷம் நமக்கு ஆர்டர் வராது. இங்க ஏழு பேரு. இதோ இந்த அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு."

தட்டச்சு அக்கா விரல்களை நிறுத்தாமலே சொன்னார். "என் பொண்ணுங்களை எதுக்குங்க இழுக்கறீங்க? நான் பாட்டுக்கு அடிச்சிட்டிருக்கேன்."

"உதாரணத்துக்குச் சொன்னேன்மா."

"உதாரணத்துக்கு உங்க பையனைச் சொல்லுங்க."

முதலாளி கடிதத்தை மடித்து மாமாவிடம் கொடுத்தார். "அஞ்சு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு வேற ஏதாச்சும் செஞ்சிட்டிருக்கும். முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு, சொல்லு."

மாமா தலையை ஆட்டினார். சரி என்றா, இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. நாங்கள் கிளம்பும்போது தட்டச்சு அக்கா வாசல்வரை வந்தார். தாழ்ந்த குரலில், "ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆயிடுச்சு உங்க மாமா நிலைமை. யாராவது வந்து கட்டையைப் பிளந்தாத்தான் உண்டு" என்றார். பிளக்க வேண்டியவன் நான்தான் என்பதுபோல் என்னையே பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

என்னால் பிளந்திருக்க முடியும். இரண்டு பக்கமும் என் கணினியில் பிரதியாக இருந்தன. என் பெயரிலேயே அனுப்பியிருக்கலாம். அந்த மாதம் நான் மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போய் மூன்றிலும் தேறாமல் திரும்பியிருந்தேன். அம்மாவின் கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தது. மாமாவின் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது எல்லா அறையிலும் இருந்தது. அம்மா மட்டும் ஒருமுறை, "அந்தப் பொண்ணு பாவம்தான்" என்று ஆரம்பித்து, "பாத்திரத்தைக் கவுத்து வைடா" என்று முடித்தார்.

முப்பதாம் நாள் காலையில் மாமா முன்னறையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யட்டும் மாப்ளே?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னிடம் யோசனை கேட்டார். வீட்டிலேயே படித்தவன் நான் ஒருவன்.

"உங்க இஷ்டம் மாமா" என்றேன்.

அந்த நாள் போயிற்று. அடுத்த நாள் அவர் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனார். அந்தக் கடிதம் பிறகு எந்தச் சட்டையிலும் இல்லை.

அந்த வேலை அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் இருந்தது. தேர்வாளர்கள் தங்கள் படத்தைத் தாங்களே ஏற்றலாம், மாற்றுவதையும் ஒட்டுவதையும் நிரல் பார்த்துக்கொள்ளும் என்று தேர்வு அலுவலகம் முடிவுசெய்தது. ஏழு கணினியில் நான்கை விற்றுவிட்டார்கள். முதலாளி மாமாவின் தோளைத் தட்டி அனுப்பிவைத்தாராம். அந்த நிரல் எப்படி இருக்கும் என்று ஒருநாள் நானே எழுதிப் பார்த்தேன். பதினான்கு வரி வந்தது. படம் திறக்கவில்லை என்றால் அங்கேயே நின்று, எந்த எண் என்று சொல்லும்படி எழுதியிருந்தேன். அதைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே எழுதியிருக்க முடியும். அவருக்குக் காட்டவில்லை.

உரிமத்தைப் புதுப்பிக்கப் போனவர் கண் பரிசோதனையில் தேறவில்லை. இப்போது ஒரு கிடங்கில் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்கிறார். அங்கேயும் ஜன்னல் கிடையாது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் அவர் சம்பளம் நின்றாலும் வீடு நடக்கும். முதலாளி இல்லை, நான்காம் எண் இல்லை, கெடுக்க எந்த ஆர்டரும் இல்லை. எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கிறது.

இந்த நிலையில்தான் இரண்டாவது கடிதம் வந்தது. தட்டச்சு அக்கா எங்கள் வீட்டு முகவரியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நான்தான் பிரித்துப் படித்துக்காட்டினேன். சின்னக் கடிதம்.

'தேர்வு எழுதும் வயது போய்விட்டது. அதற்காக எழுதவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் அப்பா இன்னமும் நான்தான் தப்பான படத்தை அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ ஓர் ஆணோடு படம் மாற்றிக்கொண்டேன் என்றும் சில சமயம் சொல்கிறார். அவர் உங்களைத்தான் நம்பினார். என் தப்பு இல்லை என்று ஒரு வரி நீங்கள் எழுதிக்கொடுத்தால் போதும். அவரிடம் மட்டும் காட்டுவேன்.'

"ஒரு வரிதானே மாமா. தாள் தரட்டுமா?"

"தா" என்றார்.

தாளை வாங்கி அட்டையில் வைத்து, அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு 'ஐயா' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"அவரு கும்பிட்டாரே மாப்ளே. அதைத் திருப்பிக் குடுக்க எனக்குக் கை வரமாட்டேங்குது."

"அந்தப் பொண்ணு தினமும் பேச்சு கேட்டுட்டு இருக்கு."

"தெரியும். நாளைக்கு எழுதறேன்."

இதையெல்லாம் நான் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவரைக் கோழை என்று சொல்லவா, அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவா? அந்த வரியை நான் எழுதி அனுப்பலாம். எழுத்துக்கு எழுத்து நிரூபித்தும் காட்டலாம். ஆனால் அந்த மனிதர் கும்பிட்டது என்னை இல்லை, என் சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இது நியாயமா, சாக்கா என்று தெரியவில்லை.

கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தத் தாளில் 'ஐயா' என்பதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் ஏறவில்லை.